சூப்பர்வைசர்: கண்காணிப்பாளரா, மேற்பார்வையாளரா?

நண்பர் ஒருவர் அமெரிக்க மத்திய அரசின் பணி விதி ஒன்றைத் தமிழாக்கி, சரிபார்த்துத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார். ‘சூப்பர்வைசரி டிரெயினிங்’ என்று மூலத்தில் வரும் இடங்களிலெல்லாம் ‘கண்காணிப்புப் பயிற்சி’ என்று போட்டிருந்தார். அகராதியைப் புரட்டினால் குற்றம் சொல்ல வழியில்லை. ஆனால் படிக்கிறவருக்கு யாரையோ பின்தொடர்ந்து போகச் சொல்லித்தரும் உளவுத்துறை வகுப்பு போலத்தான் தோன்றும். தெருமுனைக் கேமராவும் கண்காணிப்பு, கொரோனா காலத்தில் வீட்டுக் கதவில் ஒட்டிய தாளும் கண்காணிப்பு என்று பழகிவிட்ட காதல்லவா நமக்கு?

சூப்பர்வைசர் என்பதை உடைத்தால் இலத்தீனில் ‘சூப்பர்’ மேல், ‘விடேரே’ பார்த்தல். மேலிருந்து பார்ப்பவர். பஞ்சாயத்து அலுவலகங்களில் இன்னும் புழங்கும் ‘ஓவர்சீயர்’ என்பதும் அதே பொருள்தான், இலத்தீனுக்குப் பதில் நாட்டு ஆங்கிலத்தில் செய்தது. வடமொழி ‘அத்யக்ஷ’வில் ‘அக்ஷ’ என்றால் கண். அர்த்தசாஸ்திரத்தின் இரண்டாம் பகுதி முழுக்க இந்த அத்தியட்சர்களின் வேலையைத்தான் பேசுகிறது. இலங்கையில் இன்றும் அந்தச் சொல் உயிரோடு இருக்கிறது. இங்கே காவல் கண்காணிப்பாளர் என்றால் அங்கே பொலிஸ் அத்தியட்சகர்.

தமிழுக்குச் சொந்தச் சொல் இல்லாமல் இல்லை. கண்ணால் காண்பவர் கண்காணி. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் ‘மாகேஸ்வரக் கண்காணி’ வருகிறது. கோயில் கொடைகள் சொன்னபடி நடக்கின்றனவா என்று பார்க்கும் பொறுப்பு அது. திருமூலர் இன்னும் ஒரு படி மேலே போய் இறைவனையே கண்காணி ஆக்கிவிட்டார். ‘கண்காணி இல்லென்று கள்ளம் பல செய்வார்’ என்று தொடங்கும் திருமந்திரப் பாட்டில், கண்காணி இல்லாத இடமே இல்லை என்கிறார்.

அப்படிப்பட்ட சொல்லுக்குத் தோட்டங்களில் வேறு கதி வாய்த்தது. பேச்சில் கங்காணி ஆகி, 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைக்கும், மலாயாவின் ரப்பருக்கும் கப்பலேறியது. சொந்த ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்து, கூட்டிப்போய், தோட்டத்தில் வேலையும் வாங்குபவர் கங்காணி. பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி என்று அடுக்குகள் இருந்தன. தொழிலாளி பட்ட கடனை எழுதிய ‘துண்டு’ அவரைக் கட்டிப்போட்டது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு இப்படி ஆள் அனுப்புவதைத் தடுத்தபோது அங்கே அந்த முறை முடிந்தது. சொல்லின் கசப்பு முடியவில்லை. எங்கள் பக்கத்தில் இன்றும் ‘பெரிய கங்காணி, வந்துட்டாரு’ என்றால் அது பாராட்டு இல்லை.

அரசு இதற்கு ‘ஆளர்’ ஒட்டிக் கண்காணிப்பாளர் ஆக்கி, சூப்பரிண்டெண்டெண்டுக்குக் கொடுத்துவிட்டது. இளநிலை உதவியாளர், உதவியாளர், கண்காணிப்பாளர் என்ற ஏணி தமிழ்நாட்டு அலுவலகங்களில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பதவிப்பெயரை இனி மாற்றத் தேவையில்லை. ஆனால் சூப்பர்வைசர் வேறு. அங்கன்வாடித் திட்டத்தில் அந்தப் பதவிக்கு மேற்பார்வையாளர் என்றே பெயர். மேல், பார்வை: இலத்தீனை அப்படியே பெயர்த்து வைத்தது. அழகில்லை என்றாலும் கேமரா வாடை இல்லை.

நண்பர் அனுப்பிய விதிக்கு வருகிறேன். 2004இல் இயற்றிய சட்டத்தின் கீழ் 2009இல் இறுதியான விதி அது. முதன்முறை மேற்பார்வைப் பதவிக்கு வருபவருக்கு ஓராண்டுக்குள் பயிற்சி தர வேண்டும். அதன்பின் குறைந்தது மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுபடியும். எதில் பயிற்சி? கீழே உள்ளவரைப் பழக்கிவிடுவது, அவர் வேலைத்திறனை உயர்த்துவது, பணித்திறனை மதிப்பிடுவது, தேறாதவரை அடையாளம் கண்டு உதவுவது. இது போக, புதிய மேற்பார்வையாளருக்குத் தனியே ஒரு தகுதிகாண் பருவமும் உண்டு. பத்தாண்டு அனுபவசாலியானாலும் அந்த நாற்காலிக்கு அவர் புதியவர்தானே. தேறாவிட்டால் வேலை போகாது. பழைய நிலைக்கும் சம்பளத்துக்கும் குறையாத இடத்துக்குத் திரும்பலாம். நம்மிடம் அந்த நாற்காலிக்குப் பெரும்பாலும் பணிமூப்பும் துறைத் தேர்வும்தான் வழி. கணக்குத் தேர்வில் தேறியவருக்கு, அழுதுகொண்டு நிற்கும் உதவியாளரிடம் எப்படிப் பேசுவது என்று எந்தத் தாளும் கேட்பதில்லை.

என்னை நிறுத்திய இடம் இன்னொன்று. அதே அரசின் தொழிலுறவுச் சட்டம் சூப்பர்வைசர் யார் என்று வரையறுக்க வினைகளை வரிசையாக அடுக்குகிறது: வேலைக்கு எடுப்பவர், வேலை பிரித்துக் கொடுப்பவர், உயர்த்துபவர், பரிசளிப்பவர், இடம் மாற்றுபவர், தண்டிப்பவர், நீக்குபவர், குறை தீர்ப்பவர். அதுவும் சொந்தப் புத்தியால் முடிவெடுத்துச் செய்ய வேண்டும். இத்தனை வினையில் ‘பார்த்தல்’ எங்குமே இல்லை! பெயரில் மட்டும் கண் மிஞ்சியிருக்கிறது.

இந்த வேலைக்குப் பொருள் பொருந்திய சொல் கட்டட வேலை நடக்கும் இடத்தில் இருக்கிறது. மேஸ்திரி. போர்ச்சுகீசிய ‘மெஸ்த்ரே’, அதற்கும் மூலம் இலத்தீனில் ஆசான் என்ற பொருளுள்ள சொல். கரண்டி பிடிக்கச் சொல்லித்தருபவரும் அவரே, கூலி பிரித்துக் கொடுப்பவரும் அவரே. (பர்மாவில் கங்காணி செய்த அதே ஆள்பிடி வேலையை மேஸ்திரிகள் செய்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.) தலைமைச் செயலகத்தில் பிரிவு மேஸ்திரி என்று பலகை மாட்டுவார்கள் என்று நான் கனவு காணவில்லை.

நண்பருக்குத் திருத்தி அனுப்பியது இதுதான்: சூப்பர்வைசர், மேற்பார்வையாளர். சூப்பர்வைசரி டிரெயினிங், மேற்பார்வையாளர் பயிற்சி. ‘மேற்பார்வைப் பயிற்சி’ என்றால் எதையோ பார்க்கப் பயில்வது போலாகிவிடும், ஆகவே ‘ஆளர்’ அவசியம். மூன்றாண்டுக்கு ஒருமுறை வருவது புத்தாக்கப் பயிற்சி. ‘மென்ட்டரிங்’ வரும் இடத்தில் அவர் ‘வழிகாட்டுதல்’ என்று எழுதியிருந்தார். அரசுத் தமிழில் அது சுற்றறிக்கைக்குப் போய்விட்ட சொல். அடித்துவிட்டு ‘பழக்கிவிடுதல்’ என்று எழுதினேன். கொச்சையாக இருக்கிறதே என்கிறார். இன்னும் வாதம் நடக்கிறது.