ஹெபடைட்டிஸ், கல்லீரல் அழற்சி, மஞ்சள் காமாலை: ஒரு சொல் விளக்கம்

‘இங்கு மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போடப்படும்’ என்ற அறிவிப்பைச் சிற்றூர் மருத்துவமனைகளிலும் மருத்துவ முகாம்களிலும் பலரும் பார்த்திருப்பார்கள். எந்த மஞ்சள் காமாலைக்கு என்று அந்த அறிவிப்பு சொல்வதில்லை. பெரும்பாலும் அங்கே போடப்படுவது, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் வைரசுகளுள் பி வகைக்கான தடுப்பூசி. அதைப் போட்டுக்கொண்டவர், பின்னொரு மழைக்காலத்தில் குடிநீரில் சாக்கடை கலந்து தெருவில் நாலைந்து பேருக்குக் கண் மஞ்சளாகும்போது, தமக்கு அது வராது என்று நம்பிக்கொண்டிருப்பார். ஆனால் தண்ணீர் வழியே பரவுவது ஏ வகையோ ஈ வகையோ ஆகும். பி வகைத் தடுப்பூசி அவ்விரண்டில் எதையும் தடுக்காது. அறிவிப்பில் ஓர் எழுத்து விடுபட்டதன் விளைவு இது. இந்த நோயைப் பற்றி நம்பத்தக்க தகவலைத் தமிழில் தேடுபவர்கள் முதலில் சந்திக்கும் தடையும் இந்தப் பெயர்க் குழப்பமே என்பதால், சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது பயன் தரும்.

ஹெபடைட்டிஸ் என்பது கிரேக்கச் சொற்களால் ஆனது. ‘ஹேப்பார்’ என்றால் கல்லீரல். அது வேற்றுமை ஏற்கும்போது ‘ஹேப்பாட்டோஸ்’ என்று ஆகும். அதனோடு சேர்ந்த ‘இட்டிஸ்’ என்ற ஈறு தொடக்கத்தில் ‘அதைச் சார்ந்த’ என்ற பொருளை மட்டுமே தந்தது. அதாவது கல்லீரலைச் சார்ந்த நோய் என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை. பிற்கால மருத்துவ நூல்களில்தான் அந்த ஈறு, ஓர் உறுப்பு சிவந்து, சூடேறி, வீங்கி, வலி தரும் நிலையை மட்டும் குறிப்பதாகச் சுருங்கியது. அந்த நிலைக்கு ஐரோப்பிய மொழிகள் இலத்தீனிலிருந்து எடுத்துக்கொண்ட பெயர், தீப்பற்றுதல் என்ற பொருளுடைய ‘இன்ஃப்ளமேஷன்’.

தமிழ்க் கலைச்சொல்லும் தீயிலிருந்தே பிறந்தது. அழல் என்பது பழந்தமிழில் தீயைக் குறிக்கும். சுழல் சுழற்சி ஆவதுபோல, முயல் முயற்சி ஆவதுபோல, அழல் அழற்சி ஆயிற்று. சொல்லாக்க முறையில் இதில் குறை காண இடமில்லை. அதைவிடச் சிறப்பு, சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் என்ற மூன்றில் பித்தத்துக்குரிய பெயரும் அழல்தான் என்பது; காமாலையைப் பித்தம் மிகுந்ததால் வரும் நோயாகவே அம்மருத்துவம் வகுத்தது. எனவே ‘கல்லீரல் அழற்சி’ என்ற தொடர் வெளியிலிருந்து வந்த கருத்துக்கு ஒட்டுப்போட்டதாகத் தோன்றாமல், இங்கேயே விளைந்த சொல்போல் இயல்பாக அமைந்துவிடுகிறது. சில செய்திகளிலும் துண்டறிக்கைகளிலும் ‘கல்லீரல் வீக்கம்’ என்று எழுதுகிறார்கள். அதை ஏற்க இயலாது. வீக்கம் அழற்சியின் அடையாளங்களுள் ஒன்று மட்டுமே. கொழுப்புப் படிந்தும் கல்லீரல் பெரிதாகலாம், இதயம் பலவீனமாகி இரத்தம் தேங்கியும் பெரிதாகலாம். மறுபுறம், ஆண்டுக்கணக்கில் அழற்சி நீடித்துத் தழும்பேறிய கல்லீரல் சுருங்கியே போவதுண்டு. சுருங்கிய உறுப்பின் நோயை வீக்கம் என்று அழைத்தால் படிப்பவர் எதைப் புரிந்துகொள்வார்?

இனிக் காமாலை. இது வடமொழியின் ‘காமலா’ என்ற சொல்லோடு தொடர்புடையது. ஊதுகாமாலை, வறட்காமாலை என்று பல வகைகளைப் பிரித்துக் கூறுவது நாட்டு மருத்துவ மரபு. பேச்சு வழக்கில் நிலைத்தது மஞ்சள் காமாலை. ஈழத்தில் இதையே செங்கண்மாரி என்றும், பேச்சில் செங்கமாரி என்றும் சொல்வார்கள். காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்ற பழமொழியை நாம் அடிக்கடி எடுத்தாளுகிறோம். உண்மையில் நோயாளிக்கு உலகம் மஞ்சளாகத் தெரிவதில்லை, உலகத்துக்குத்தான் அவர் கண் மஞ்சளாகத் தெரிகிறது. பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்ற நிறமியைக் கல்லீரல் பித்தநீரோடு வெளியேற்ற வேண்டும். அது நடக்காமல் இரத்தத்தில் தேங்கும்போது கண்ணின் வெண்பகுதியிலும் தோலிலும் மஞ்சள் நிறம் ஏறுகிறது.

ஆகவே மஞ்சள் காமாலை என்பது ஓர் அறிகுறியின் பெயர். பித்தப்பைக் கல் இறங்கிப் பித்தநாளத்தை அடைத்தாலும் அது வரும். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிதைந்தாலும் வரும். பிறந்த குழந்தைகள் பலருக்கு முதல் வாரத்தில் வந்து தானே மறையும். இவை எவற்றிலும் வைரசுக்கு வேலை இல்லை. கல்லீரல் அழற்சியோ, கண்ணில் துளி மஞ்சள் இல்லாமலே இருக்கக்கூடும். பி, சி வகைகள் உடலில் நிலைத்துவிட்ட பலர் இருபது, முப்பது ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் இன்றி இருந்து, கல்லீரல் சுருக்கமோ புற்றுநோயோ முற்றிய பிறகே மருத்துவரிடம் வருகிறார்கள். ‘எனக்கு மஞ்சள் காமாலையே வந்ததில்லை, எனக்கெதற்குச் சோதனை’ என்ற பதில் இந்தப் பெயர்க் குழப்பத்தின் நேரடி விளைவு. மஞ்சள் காமாலை என்ற சொல்லை அறிகுறிக்கு மட்டும் ஒதுக்கி, நோய்க்குக் கல்லீரல் அழற்சி அல்லது ஹெபடைட்டிஸ் என்று எழுதி, அதன் பின் தவறாமல் வகையின் எழுத்தைச் சேர்ப்பதே முறை என்பது என் துணிபு.

அந்த எழுத்துகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. தொற்றிப் பரவும் வகைக்கு ஏ என்றும், இரத்தம் வழியாகப் பரவும் வகைக்கு பி என்றும் 1947 இல் பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் மெக்கல்லம் பெயர்களை முன்மொழிந்தபோது எந்த வைரசையும் யாரும் கண்டிருக்கவில்லை. பி வைரசின் மேலுறைப் புரதத்தை 1960களின் நடுவில் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் அமெரிக்க மருத்துவர் பரூக் புளும்பெர்க் கண்டறிந்தார். 1976 இல் நோபல் பரிசு பெற்ற அவரது பிறந்த நாளான ஜூலை 28 தான் உலகக் கல்லீரல் அழற்சி நாள். ஏ வைரசு 1973 இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தென்பட்டது. டி வைரசு 1977 இல் இத்தாலியில் அறியப்பட்டது; அது பி உள்ள உடலில் மட்டுமே பெருகும். இரண்டு எழுத்திலும் அடங்காமல் ‘ஏ அல்லாத, பி அல்லாத’ என்று நெடுங்காலம் எதிர்மறையாலேயே அழைக்கப்பட்ட ஒன்று 1989 இல் சி என்று பெயர் பெற்றது.

ஈ வகையின் கதை இந்தியாவோடு நெருங்கிய தொடர்புடையது. 1955 இன் இறுதியில் யமுனையில் வெள்ளம் வந்து, கழிவுநீர் கலந்த தண்ணீர் டெல்லியின் குடிநீர்க் குழாய்களுக்குள் புகுந்தது; அடுத்த சில வாரங்களில் ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. தண்ணீர் வழியே வந்ததால் அதை எல்லோரும் ஏ வகை என்றே எண்ணினார்கள். சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளைப் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோதுதான் அது ஏ அன்று என்பது தெளிவாயிற்று. எழுத்தை அறிவதில் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஈ வகை, கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் இருக்கும் பெண்ணின் உயிருக்கே கேடாக முடியக்கூடியது. ஏ வகைக்கு அத்தகைய தனிக்குணம் இல்லை. தமிழில் இவ்வகையை ‘ஈ’ என்றும் ‘இ’ என்றும் இருவிதமாக எழுதுவதால், தேடுபவர்கள் இரண்டையும் இட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தடுப்பூசி என்ற சொல் காமாலையைவிட இளையது. ‘வாக்கா’ என்றால் இலத்தீனில் பசு. பசுவின் அம்மைச் சீழைக் குத்திப் பெரியம்மையைத் தடுக்கலாம் என்று எட்வர்ட் ஜென்னர் 1796 இல் செய்து காட்டியதிலிருந்து ‘வாக்சின்’ என்ற பெயர் வந்தது. ஜென்னரைச் சிறப்பிக்கும் பொருட்டு, எல்லா நோய்களுக்கான தடுப்பு மருந்துகளுக்கும் அப்பெயரையே வழங்கலாம் என்று 1881 இல் லூயி பாஸ்டர் கூறினார். தமிழில் பழைய வழக்கு ‘அம்மை குத்துதல்’. அம்மை ஒழிந்து மருந்துகள் பெருகியபின் தடுப்பும் ஊசியும் சேர்ந்து தடுப்பூசி ஆயிற்று. சொட்டாக ஊற்றும் போலியோ மருந்துக்கு இச்சொல் பொருந்தாது என்பது உண்மைதான், அதனால்தான் மக்கள் தாமே ‘சொட்டு மருந்து’ என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். கல்லீரல் அழற்சியைப் பொறுத்தவரை சிக்கல் வேறிடத்தில் உள்ளது. பி வைரசு உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்குத் தடுப்பூசியோடு ‘இம்யூனோகுளோபுலின்’ என்ற மற்றோர் ஊசியும் போடுமாறு மருத்துவர் சொல்லலாம். முன்னது குழந்தையின் உடலை எதிர்ப்பொருள் உண்டாக்கப் பழக்குகிறது. பின்னது ஆயத்தமான எதிர்ப்பொருளையே உடலில் செலுத்துகிறது, சில மாதங்களில் அதன் காப்பு தீர்ந்துவிடும். இரண்டையும் ‘காமாலை ஊசி’ என்றே பெற்றோரிடம் சொல்லும்போது, ஒன்றைப் போட்டதும் வேலை முடிந்ததாக எண்ண இடமுண்டு. பின்னதை ‘எதிர்ப்பொருள் ஊசி’ என்று அழைக்கலாம்.

ஏ வகைக்கும் பி வகைக்கும் தடுப்பூசி உண்டு. பி இல்லாமல் டி வாழாது என்பதால் பி தடுப்பூசியே டி வகையையும் தடுத்துவிடும். ஈ வகைக்குச் சீனாவில் 2011 இல் ஒன்று உரிமம் பெற்றது. பெரும்பாலான நாடுகளில் அது வழக்கத்தில் இல்லை. சி வகைக்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் பெரும்பாலும் மூன்று மாத மாத்திரைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு அது முழுமையாகக் குணமாகிறது.

நோயாளிகளை மிகவும் அலைக்கழிப்பவை ஆய்வுக்கூட அறிக்கையின் சொற்கள். ‘எச்பிஎஸ் ஏஜி’ என்பது வைரசின் மேலுறைப் புரதம். ‘ஆன்ட்டி எச்பிஎஸ்’ என்பது அதற்கு எதிராக நம் உடல் உண்டாக்கிய பொருள். முன்னது பாசிட்டிவ் என்றால் உடலில் வைரசு இருக்கிறது என்று பொருள். பின்னது பாசிட்டிவ் என்றால் பொதுவாகப் பாதுகாப்பு இருக்கிறது என்று பொருள். இரண்டு வரிகளும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்போது கலங்காதவர் குறைவு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எதிர்ப்பொருள் தூண்டி, எதிர்ப்பொருள் என்கின்றன; இலங்கைப் பாடநூல்கள் பிறபொருளெதிரியாக்கி, பிறபொருளெதிரி என்கின்றன. நான்கும் பொருள் நிறைந்த ஆக்கங்களே என்றாலும், ஈறு ஒன்றால் மட்டும் வேறுபடும் இணைகளை அச்சத்தோடு அறிக்கையைப் பிடித்திருப்பவர் முன் வைப்பது நல்லதன்று. ‘வைரசின் உறைப்புரதம்’, ‘காப்புப் பொருள்’ என்று விளக்கிவிடலாம். ‘பாசிட்டிவ்’ என்பதற்கு ‘நேர்மறை’ என்று எழுதுவது நல்ல செய்தி போல ஒலிக்கும். ‘உள்ளது’, ‘இல்லை’ என்பன போதும். தடுப்பூசி போட்ட சில நாள்களுக்குள் சோதித்தால் ஊசியில் இருந்த உறைப்புரதமே இரத்தத்தில் தென்படக்கூடும் என்பதையும், ஆறு மாதத்துக்கு மேல் அது நீடித்தால்தான் நாட்பட்ட தொற்று என்று கொள்வார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சொற்கள் தெளிந்தால் தேடலும் தெளிகிறது. மஞ்சள் காமாலை என்று மட்டும் தேடினால் கீழாநெல்லியும் பத்தியமும்தான் முதலில் வந்து நிற்கும். கீழாநெல்லியை நான் இகழவில்லை. சென்னை ஆய்வாளர்களும் புளும்பெர்க்கும் சேர்ந்து பி வகைத் தொற்றுள்ளோரிடம் அதைச் சோதித்து 1988 இல் நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டதும், பிற இடங்களில் நடந்த பின்னைய ஆய்வுகள் அதை உறுதி செய்யாமல் போனதும் மருத்துவ வரலாற்றில் பதிவானவை. ஏ வகை தானாகவே சில வாரங்களில் நீங்கிவிடும் என்பதால், அந்த வாரங்களில் எதை உண்டாலும் அதுவே மருந்தாகப் பெயர் பெற்றுவிடுகிறது என்பதைத் தேடுபவர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

படிக்கும் பக்கத்தில் எழுத்து குறிக்கப்பட்டுள்ளதா என்பதற்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது ஆண்டு. சி வகைக்கு ஓராண்டுவரை இன்டர்ஃபெரான் ஊசி போட வேண்டும், பாதிப் பேருக்கே குணமாகும் என்று எழுதியிருந்தால் அது 2014க்கு முந்தைய மருத்துவம்; எழுதியவர் தவறு செய்யவில்லை, காலம் கடந்துவிட்டது. மருத்துவப் பணியாளர்கள் உலகச் சுகாதார நிறுவனம் ஒவ்வொரு தடுப்பூசிக்கும் வெளியிடும் நிலைப்பாட்டு அறிக்கையில் மிகப் பிந்தியதைப் பார்ப்பது நல்லது. இந்தியாவில் 2018 ஜூலை 28 இல் தொடங்கிய தேசிய வைரசு கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் வழிகாட்டுதல்கள் சோதனை, மருந்து, அளவு ஆகியவற்றை வரையறுக்கின்றன; அத்திட்டத்தில் பி, சி வகைகளுக்கான சோதனையும் சிகிச்சையும் இலவசம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் அரசின் மருத்துவ ஆலோசனை கிடைக்கும்.

குழந்தையின் தடுப்பூசி அட்டையைப் படிக்கும்போதும் எழுத்தைக் கவனிக்க வேண்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடுவது ஹெபடைட்டிஸ் பி பிறப்புத் தவணை. பிறப்பின்போது தொற்றும் குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அந்தத் தொற்று நிலைத்துவிடும் என்பதால்தான் அத்தனை அவசரம். பின்னர் 6, 10, 14 ஆம் வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசி, இந்தியாவில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதலில் தொடங்கியது. அதில் ‘பி’ என்ற எழுத்து இரண்டு முறை வரும். ஒன்று ஹெபடைட்டிஸ் பி. மற்றொன்று மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் உண்டாக்கும் ‘ஹிப்’, அதாவது ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா என்ற பாக்டீரியாவின் பி வகை. அதற்கும் கல்லீரலுக்கும் தொடர்பில்லை.