ஜிபிஎஸ் தூக்கிப் போடுற பிழையில நிலநடுக்கம் தெரியுமா?

சாட்டிலைட் வச்சு நிலநடுக்கத்த முன்னாடியே சொல்லிடலாமாமேன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். இப்போதைக்கு முடியாது. ஆனா அதச் சுத்தி நடந்த சண்டை இருக்கே, செம சுவாரஸ்யம்.

2011 மார்ச் 11, ஜப்பான் தோஹோகு, அளவு 9. ஹொக்கைடோ பல்கலைக்கழகத்து கோசுகே ஹெகி அன்னைக்கு ஜிபிஎஸ் டேட்டாவ அலசிட்டு, நடுக்கத்துக்கு சுமார் 40 நிமிஷம் முன்னாடியே அயனமண்டலத்துல (சூரிய ஒளியால எலக்ட்ரான் பிரிஞ்சு திரியுற மேல்வான அடுக்கு) எலக்ட்ரான் கூடியிருக்குன்னு அதே வருஷம் பேப்பர் போட்டார்.

ஜிபிஎஸ்ஸுக்கு எப்படி எலக்ட்ரான் கணக்கு தெரியும்? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான். ஒவ்வொரு சாட்டிலைட்டும் 1575.42, 1227.6 மெகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசையில சிக்னல் அனுப்புது, எலக்ட்ரான் கூட்டத்துக்குள்ள நுழையும்போது ரெண்டுமே தாமதமாகும், ஆனா குறைஞ்ச அலைவரிசைக்குத் தாமதம் அதிகம். கடிகாரப் பிழை, தூரம், காத்துல இருக்கிற ஈரம் எல்லாம் ரெண்டையும் ஒரே மாதிரிதான் பாதிக்கும், அதனால ஒண்ணுலேருந்து ஒண்ணக் கழிச்சா அதெல்லாம் அடிபட்டுப் போய் வழியில இருந்த எலக்ட்ரான் எவ்வளவுங்கிறது மட்டும் மிஞ்சும். இடம் கண்டுபிடிக்கிறவங்களுக்கு அது தூக்கிப் போட வேண்டிய பிழை, இவங்களுக்கு அதுதான் சரக்கே. ஜப்பான்ல ஆயிரத்துக்கு மேல ஸ்டேஷன் இருக்கிறதால வானத்துக்கே ஸ்கேன் எடுத்த மாதிரி ஆயிடுச்சு.

நடுக்கத்துக்கு அப்புறம் நடந்ததுல யாருக்கும் சந்தேகம் இல்ல. கடல் மட்டம் சட்டுனு எழும்பி காத்தத் தள்ளுச்சு, அந்த அலை மேல போகப் போக காத்து மெலிசாகி ஆட்டம் பெருசாச்சு, பத்து நிமிஷம் போல கழிச்சு அயனமண்டலமே ஆடுச்சு, அப்புறம் கொஞ்ச நேரம் அங்க எலக்ட்ரான் குறைஞ்சு கிடந்துச்சு.

வில்லங்கம் இங்கதான். 'சாதாரண நாள்னா இப்படி இருந்திருக்கும்'னு ஹெகி போட்ட கோடு, நடுக்கத்துக்கு முன்ன, பின்ன ரெண்டு டேட்டாவையும் வச்சுப் போட்டது. பின்னாடி எலக்ட்ரான் இறங்கிடுச்சுன்னா கோடும் இறங்கும், அப்போ முன்னாடி இருந்தது தன்னால ஏறுன மாதிரி தெரியும்ல? 2013ல கமோகாவா, காகினாமின்னு ரெண்டு ஜப்பான் ஆய்வாளர்கள் இதத்தான் கேட்டாங்க. ஹெகி வேற விதமா கணக்குப் போட்டு பதில் சொன்னார். போதாக்குறைக்கு அன்னைக்குக் காந்தப் புயல் வேற, சூரியன் கிளப்பிவிடுற அந்தப் புயலும் அயனமண்டலத்து எலக்ட்ரானக் கலைச்சு விடும்.

பிரான்ஸ் 2004ல டெமெட்டர், சீனா 2018ல சாங்ஹெங்னு இதுக்குன்னே சாட்டிலைட் விட்டாங்க. பணம் வேஸ்ட்டுன்னு நான் சொல்ல மாட்டேன், முன்னறிவிப்பு பொய்யாப் போனாலும் அயனமண்டல டேட்டா நிக்கும். கிரகச் சேர்க்கைய வச்சு தேதி குறிக்கிற வாட்ஸப் ஜோசியத்துல அதுகூட மிஞ்சாது.

சுனாமிக்கு இந்த வித்தை இப்பவே உதவுது. 2025 ஜூலையில ரஷ்யாவோட கம்சாட்காவுல 8.8 அளவுல நடுக்கம் வந்தப்போ, நாசாவோட கார்டியன் சிஸ்டம், அலை ஹவாய் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே அதோட தடத்த வானத்துல பிடிச்சிடுச்சு.