கைதட்டியவர்கள் நிறுத்திய நாள்

1989 நவம்பர். ருமேனியாவின் தலைநகர் புக்கரெஸ்ட்டில் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் 14ஆவது மாநாடு. 1965இலிருந்து கட்சியைத் தன் பிடியில் வைத்திருந்த நிக்கோலே சௌஷெஸ்கு பேசப் பேச, பிரதிநிதிகள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள், உட்காருகிறார்கள், மறுபடி எழுகிறார்கள். அவரையே மீண்டும் பொதுச் செயலாளராகத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கலைகிறார்கள். அங்கிருந்து ஒரு மாதம்தான். டிசம்பர் 25ஆம் தேதி அவரும் மனைவி எலேனாவும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

பசி முற்றியது, மக்கள் பொங்கினார்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். பசி உண்மைதான். வெளிநாட்டுக் கடனை அடைப்பதற்காக உணவுப் பொருள்களை ஏற்றுமதி செய்துவிட்டு, சொந்த மக்களுக்கு ரேஷன் போட்டார் சௌஷெஸ்கு. கடுங்குளிரில் வீடுகளுக்கு வெப்பம் குறைக்கப்பட்டது. தொலைக்காட்சி வார நாள்களில் இரண்டு மணி நேரம்தான் ஓடியது. ஆனால் இதெல்லாம் 1989இல் புதிதாக வந்ததல்ல. 1987 நவம்பரில் பிரஷோவ் நகரத்து லாரி ஆலைத் தொழிலாளர்கள் இதே பசியோடுதான் தெருவில் இறங்கி, கட்சி அலுவலகத்துக்குள் புகுந்து தலைவரின் படங்களைக் கிழித்தார்கள். அன்றே அடக்கப்பட்டது. நாடு அசையவில்லை. பசி மட்டும்தான் காரணம் என்றால் அன்றே அல்லவா கதை முடிந்திருக்க வேண்டும்?

நம் வகுப்பறைகளில் ஆசிரியர் பாடத்தை முடித்துவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்பார். அறுபது தலையும் ஆடும். பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. ஆனால் ஒவ்வொரு பையனும் மற்ற ஐம்பத்தொன்பது பேருக்கும் புரிந்துவிட்டது என்றே நினைப்பான், ஏனென்றால் அவர்கள் தலையாட்டுகிறார்களே! இவன் ஆட்டிய தலையைப் பார்த்து அவர்களும் அப்படியே நினைத்துக்கொண்டிருப்பார்கள். சர்வாதிகாரம் இந்த வகுப்பறையை நாடளவுக்குப் பெரிதாக்குகிறது. ருமேனியாவில் தட்டச்சுப் பொறி வைத்திருந்தால்கூடப் போலீசில் பதிவு செய்ய வேண்டும். செகுரிடாட்டே என்ற ரகசியப் போலீசுக்கு யார் உளவு சொல்கிறார் என்று தெரியாததால், பக்கத்து வீட்டுக்காரரிடமும் மனம்விட்டுப் பேச முடியாது. அடி வாங்கும் பயம் ஒரு பங்கு என்றால், ‘நான் மட்டும்தான் இப்படி நினைக்கிறேனோ’ என்ற தனிமை அதைவிடப் பெரிய பங்கு. பொருளியலாளர் திமூர் குரான் இந்த முகமூடி மனநிலையைத்தான் ஆராய்ந்தார்.

அப்படியானால் பூனைக்கு மணி கட்டுவது யார்? சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978இல் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். ‘எத்தனை பேர் முன்னால் நின்றால் நானும் சேருவேன்’ என்று ஒவ்வொருவர் மனதிலும் ஓர் எண் இருக்கிறது. பத்துப் பேர் இருக்கும் ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். முதல் ஆளின் எண் பூஜ்யம். யாருமே இல்லாவிட்டாலும் கத்துவார். இரண்டாவது ஆளுக்கு முன்னால் ஒருவர் போதும், மூன்றாவது ஆளுக்கு இரண்டு பேர். இப்படியே போனால் பத்தாவது ஆளுக்கு ஒன்பது பேர் வேண்டும். முதல் ஆள் கத்தியதும் சீட்டுக்கட்டுபோலச் சரிந்து பத்துப் பேரும் தெருவில்.

சரி, இப்போது ஒரே ஒரு மாற்றம். இரண்டாவது ஆளுக்குப் போன வாரம்தான் குழந்தை பிறந்தது. கொஞ்சம் பயம் கூடி, அவருடைய எண் ஒன்றிலிருந்து இரண்டாகிவிட்டது. அவ்வளவுதான், முதல் ஆள் தனியாகக் கத்துகிறார், வேன் வந்து தூக்கிக்கொண்டு போகிறது, தெரு அமைதி. இரண்டு தெருக்களிலும் வெறுப்பு கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஒன்றில் எழுச்சி, இன்னொன்றில் ஒரு கைது. எனக்கு இந்தக் கணக்கில் பிடித்தது இதுதான்: மக்களின் சராசரிக் கோபத்தை அளந்து வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது.

டிசம்பர் நடுவில் திமிஷோவாரா நகரத்தில் பூஜ்ய எண்காரர்கள் கிடைத்தார்கள். லாஸ்லோ தோக்கெஷ் என்ற ஹங்கேரிய இனப் பாதிரியாரை வீட்டைவிட்டு வெளியேற்ற உத்தரவு வர, அவருடைய சபையார் வீட்டைச் சுற்றி நின்றார்கள். அப்புறம் ருமேனியர்களும் சேர்ந்துகொண்டார்கள். 17ஆம் தேதி ராணுவம் சுட்டது. அரசு ஊடகம் வாய் திறக்கவில்லை. வெளிநாட்டு வானொலிகளை ரகசியமாகக் கேட்டவர்களுக்குச் செய்தி தெரிந்தது. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு, தனித்தனியாக. ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருப்பது வேறு. எல்லோருக்கும் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பது வேறு. (இந்த இரண்டாவதற்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் ‘காமன் நாலெட்ஜ்’ என்ற பெயரைத் தமிழில் ‘பொது அறிவு’ என்று போட்டால் வினாடி வினாதான் ஞாபகத்துக்கு வரும்.) எழுச்சிக்கு இந்த இரண்டாவது வேண்டும்.

அதை ஏற்பாடு செய்து கொடுத்தவர் சௌஷெஸ்குவேதான். ஈரான் பயணத்திலிருந்து திரும்பிய 20ஆம் தேதி மாலை தொலைக்காட்சியில் தோன்றி, திமிஷோவாராவில் ரௌடிகள் கலவரம் செய்கிறார்கள் என்றார். வதந்தியாக இருந்ததற்கு அரசு முத்திரை விழுந்துவிட்டது. மறுநாள் புக்கரெஸ்ட்டில் கட்சித் தலைமையகத்தின் முன்னால் ஆதரவுக் கூட்டம். ஆலைகளிலிருந்து ஆட்களைத் திரட்டிக் கையில் பதாகை கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். நாடு முழுக்க நேரடி ஒளிபரப்பு. அவர் மாடத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது கூட்டத்திலிருந்து கூச்சல் எழுகிறது. பேச்சு நிற்கிறது. வலது கையைத் தூக்குகிறார், முகத்தில் ஒன்றும் புரியாத திகைப்பு. ஒளிபரப்பு துண்டிக்கப்படுகிறது. சில நிமிடங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது சம்பள உயர்வு அறிவித்தார்.

கூச்சலைவிட அந்தத் துண்டிப்புதான் அதிகம் பேசியது என்பேன். வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொருவரும் அந்த முகத்தைப் பார்த்தார். அதே நொடியில் நாடே பார்த்தது என்றும் அவருக்குத் தெரிந்தது. அத்தனை பேருடைய எண்களும் ஒரே சமயத்தில் சரிந்தன. அன்றிரவு பல்கலைக்கழகச் சதுக்கத்தில் தடுப்பு போட்டு நின்றவர்கள்மீது குண்டுகள் பாய்ந்தன. காலையில் இன்னும் பெரிய கூட்டம் வந்தது.

சிப்பாய்க்கும் ஓர் எண் உண்டு. தன் படைப்பிரிவு மட்டும் மறுத்தால் தண்டனை, எல்லாப் பிரிவும் மறுத்தால் ஒன்றுமில்லை. 22ஆம் தேதி காலை பாதுகாப்பு அமைச்சர் வாசிலே மிலியா துரோகி என்றும், தற்கொலை செய்துகொண்டார் என்றும் அறிவிக்கப்பட்டது. அவரைக் கொன்றுவிட்டார்கள் என்றே ராணுவத்தில் பலர் நம்பினார்கள். படைகள் பின்வாங்கின. நண்பகலில் சௌஷெஸ்கு கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் தப்பினார், அன்றே பிடிபட்டார். மொத்தத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் பெரும்பகுதி அவர் தப்பியோடிய பிறகு நடந்த குழப்பமான துப்பாக்கிச் சூடுகளில்.

இவ்வளவு விளக்கும் அறிவியலால் அடுத்த எழுச்சிக்குத் தேதி குறிக்க முடியாது. அந்த எண்கள் மனதுக்குள் இருக்கின்றன, பயத்தில் யாரும் சொல்வதில்லை. சர்வாதிகாரியின் உளவுத்துறைக்கும் கைதட்டல்தான் கேட்கும். ஆட்சி விழுந்த பிறகு போய்க் கேட்டாலும் பயனில்லை. அப்போது முகமூடி மறுபக்கம் மாறியிருக்கும். மாநாட்டில் கைதட்டியவரும் “எனக்கு அப்போதே பிடிக்காது” என்பார். அப்படிச் சொல்பவர்களில் எத்தனை பேர் அதை உண்மையாகவே சொல்கிறார்கள், எத்தனை பேர் பக்கத்து வீட்டுக்காரருக்காகச் சொல்கிறார்கள் என்று பிரித்தெடுப்பது, 1989 நவம்பரில் எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு கஷ்டம்.