இரண்டு நிபந்தனைகள் இருந்தால் இணைகரம் ஆகிவிடுமா?

கணித விடைத்தாள்களைத் திருத்தும் எவருக்கும் பழக்கமான வரி இது: "படத்தைப் பார்த்தாலே இது இணைகரம் எனத் தெரிகிறது." வினாவிலோ ஒரு ஜோடி எதிர்ப்பக்கங்கள் சமம் என்று மட்டுமே இருக்கும். மீதியைப் படமே சொல்லிவிட்டதாக மாணவர் எடுத்துக்கொள்கிறார். வினாத்தாளில் உள்ள படம், எந்த முனைக்கு என்ன பெயர் என்று காட்டுவதற்காகப் போடப்பட்டது. அது சாட்சி சொல்லாது.

எவ்வளவு தகவல் வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். பொதுவான நாற்கரம் ஒன்றை வரைய 5 அளவுகள் தேவை. இணைகரத்துக்கு 3 போதும்: அடுத்துள்ள இரு பக்கங்கள், அவற்றுக்கு இடைப்பட்ட கோணம். குறைந்துபோன அந்த இரண்டு அளவுகளின் வேலையை இரண்டு நிபந்தனைகள் செய்தாக வேண்டும். ஆகவே "ஒரு ஜோடி சமம்", "ஒரு ஜோடி இணை" என்று ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமக்கூறிடும் என்பது ஒரே வரியாக இருந்தாலும் அதற்குள் இரண்டு நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன.

சிக்கல் இதற்குப் பிறகுதான். இரண்டு நிபந்தனைகள் இருப்பதாலேயே இணைகரம் உறுதியாகிவிடாது. ஒரு ஜோடி பக்கங்கள் இணையாகவும் அதே ஜோடி சமமாகவும் இருந்தால் இணைகரம்தான். ஒரு ஜோடி இணை, மற்ற ஜோடி சமம் என்றால் இருசமபக்கச் சரிவகம் குறுக்கே வந்து நிற்கும். இது பலருக்கும் தெரியும். ஆனாலும் தேர்வு அவசரத்தில் "அதே ஜோடி" என்ற சொல்லைத்தான் முதலில் மறக்கிறார்கள்.

பலருக்கும் தெரியாத இடம் வேறு. ஒரு ஜோடி எதிர்ப்பக்கங்கள் சமம், ஒரு ஜோடி எதிர்க்கோணங்களும் சமம். இது போதுமா? ஆசிரியர்களிடம் கேட்டாலும் பாதிப்பேர் "போதும்" என்பார்கள். மூலைவிட்டம் வரைந்து, இரு முக்கோணங்களும் சர்வசமம் என்று எழுதியும் காட்டுவார்கள். அந்த நிறுவலில் சமக்கோணம் இரு சமபக்கங்களுக்கு இடையில் இல்லை என்பதைக் கவனிக்க மாட்டார்கள்.

ஒரு தாளில் 5, 5, 7 செ.மீ. பக்கங்கள் கொண்ட முக்கோணத்தை வெட்டிக்கொள்ளுங்கள். 7 செ.மீ. அடிப்பக்கத்தில் 3, 4 எனப் பிரியும் இடத்தைக் குறித்து, உச்சியிலிருந்து அந்தப் புள்ளிவரை வெட்டுங்கள். கிடைக்கும் இரு துண்டுகளில் ஒன்றை மட்டும் முன்பின்னாகப் புரட்டி, வெட்டிய விளிம்பிலேயே மறுபடி ஒட்டுங்கள். ஆனால் அந்த விளிம்பின் இரு முனைகளும் இடம் மாறியிருக்க வேண்டும். இப்போது கையில் இருக்கும் நாற்கரத்தின் பக்கங்கள் வரிசையாக 5, 3, 5, 4. எதிரெதிரான 5-கள் சமம். முக்கோணத்தின் அடிக்கோணங்கள் இரண்டும் எதிர்க்கோணங்களாக வந்து உட்கார்ந்திருப்பதால் அவையும் சமம். ஆனால் 3-உம் 4-உம் சமமில்லையே! கேட்ட நிபந்தனைகள் இரண்டும் நிறைவேறிவிட்டன, இணைகரம் மட்டும் கிடைக்கவில்லை. கரும்பலகையில் எவ்வளவு எழுதினாலும் நம்பாத மாணவரும் இந்தத் தாளைக் கையில் வாங்கியதும் நம்பிவிடுவார்.

இன்னொன்றும் எனக்கு மிகவும் பிடித்தது. கசதப என்ற குவிந்த நாற்கரத்தில் சப என்ற மூலைவிட்டம் கத-வை இருசமக்கூறிடுகிறது. கூடவே ஒரு ஜோடி எதிர்க்கோணங்கள் சமம். எந்த ஜோடி என்று கேட்காமல் விடை சொல்லக் கூடாது. க, த கோணங்கள் சமம் என்றால் அது வெறும் பட்டமாகவும் (காற்றாடி வடிவ நாற்கரமாகவும்) இருக்கலாம். ச, ப கோணங்கள் சமம் என்றால் கண்டிப்பாக இணைகரம். காரணம் இதுதான்: கத-வை நாணாகக் கொண்டு, ச-வில் உள்ள கோணத்தைத் தரும் வில்லை அந்த நாணின் நடுப்புள்ளியைப் பற்றி அரைச்சுற்று சுழற்றினால், மறுபக்கத்தில் ப இருக்க வேண்டிய வில் கிடைக்கும். ச-விலிருந்து நடுப்புள்ளி வழியாகச் செல்லும் கோடு அந்த வில்லை ஒரே இடத்தில்தான் வெட்டும். அந்த இடம் ச-வின் அரைச்சுற்றுப் பிம்பம். அங்கே ப இருந்தால் மூலைவிட்டங்கள் இரண்டும் நடுவில் வெட்டிக்கொள்கின்றன.

ஆகவே "கொடுத்த தகவல் போதாது" என்பதும் முழுமையான விடைதான். அப்படி எழுதினால் கூடவே ஓர் எதிர் எடுத்துக்காட்டையும் தர வேண்டும், அவ்வளவே. வினா எழுதுவோரும் அவ்வப்போது அந்த விடை வரும்படி கேட்க வேண்டும். எல்லா வினாவுக்கும் "ஆம், இணைகரம்" என்றே விடை வந்தால் மாணவர்கள் தகவலைப் படிப்பதையே நிறுத்திவிடுவார்கள்.

ஆயத்தொலைவுகள் கொடுத்திருந்தால் வேலை எளிது. எதிர் முனைகளைக் கூட்டிப் பாருங்கள். (1, 2), (4, 3), (6, 7), (3, 6) என்ற வரிசையில் முதலும் மூன்றாவதும் சேர்ந்தால் (7, 9). இரண்டாவதும் நான்காவதும் சேர்ந்தாலும் (7, 9). மூலைவிட்டங்களின் நடுப்புள்ளி ஒன்றே. முனைகளின் வரிசையை மாற்றிவிட்டால் இந்தச் சோதனை பொய்த்துவிடும். (0, 0), (1, 1), (3, 3), (2, 2) போன்ற புள்ளிகளும் கூட்டலில் தேறிவிடும், ஆனால் நான்கும் ஒரே கோட்டில் கிடக்கின்றன. நான்கில் ஏதேனும் மூன்று புள்ளிகளாவது ஒரே கோட்டில் அமையவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் இணைகரம் என்று எழுத வேண்டும்.