பிறசர் சரியாகிவிட்டது, குளிசையை நிறுத்தலாமா?

யாழ்ப்பாணத்துக் கிளினிக்குகளில் வேலை செய்யும் எந்த வைத்தியரைக் கேட்டாலும் இந்த வசனத்தைச் சொல்வார்: "இப்ப எனக்குப் பிறசர் இல்லை டொக்டர், அதாலை குளிசையை நிப்பாட்டிப்போட்டன்." கொப்பியைப் புரட்டினால் முன்னைய மாதங்களில் 128/80, 130/82 என்று எழுதியிருக்கும். அன்றைக்கு அளந்தால் 176/104.

அந்த நல்ல இலக்கங்கள் எல்லாம் குளிசை போட்டுக்கொண்டிருந்த காலத்து இலக்கங்கள். விட்டால் சில நாட்களிலோ சில கிழமைகளிலோ குருதி அமுக்கம் பழைய இடத்துக்கே போய்விடும். அட்டெனலோல் போன்ற பிறசர் குளிசைகளைத் திடீரென்று நிறுத்தினால், இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலிகூட வரலாம். உடம்பு மெலிந்து, உப்பைக் குறைத்து, தினமும் நடப்பவர்களுக்குக் குளிசையின் அளவைக் குறைக்க முடிவதுண்டு. அதை அளந்து பார்த்துப் படிப்படியாகச் செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று செய்கிற வேலை அல்ல.

"ஏறினால் எனக்குத் தெரியும், பிடரி உளையும்" என்று சொல்பவர்களும் நிறைய. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. 180 இருக்கிற மனிதர் சைக்கிளில் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வருவார். தெரியாமலே ஆண்டுக்கணக்கில் போனால் பாரிசவாதம், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, கண் விழித்திரைப் பாதிப்பு எல்லாம் வரலாம். சிறுநீரகம்தான் இவற்றில் மிகவும் அமைதியாகக் கெட்டுப்போவது. காலும் முகமும் வீங்கி ஒருவர் வரும்போது பெரும்பகுதி போயிருக்கும். அதனால்தான் சலத்தையும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் எவ்வளவு என்பதையும் இடைக்கிடை பார்க்கிறோம்.

நிறுத்துகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையான காரணம் இருக்கும், ஆனால் எங்களிடம் சொல்லமாட்டார்கள். எனலாபிரில் என்ற பிறசர் குளிசை சிலருக்கு விடாத வரட்டு இருமலைத் தரும். அம்லோடிபின் என்ற இன்னொன்று சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். இரண்டுக்கும் மாற்று உண்டு. வாய் திறந்து சொன்னால் போதும். நாங்கள் ஏசுவோம் என்ற பயம் தேவையில்லை. (சிலர் ஏசுவதும் உண்மைதான். அது எங்கள் பக்கப் பிழை.)

இன்னொன்று, கிளினிக் நாள். "பிளட் எடுக்க வெறுவயிற்றோட வரச் சொன்னவை" என்று காலைக் குளிசையையும் போடாமல் வருவார்கள். பஸ் ஏறி, வரிசையில் இருந்து, பசியோடு அளந்தால் அமுக்கம் கூடத்தான் காட்டும். அதைப் பார்த்து மருந்தைக் கூட்டினால் பிறகு வீட்டில் தலைசுற்றி விழுவார்கள். வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால் பிறசர் குளிசையைத் தண்ணீரோடு போட்டுவிட்டே வாருங்கள். நீரிழிவுக் குளிசையும் இன்சுலினும் வேறு கதை. பொதுவாக அவற்றை எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருக்கக்கூடாது. கந்தசஷ்டிக்கும் நல்லூரின் 25 நாள் திருவிழாவுக்கும் விரதம் இருப்பவர்கள் முன்கூட்டியே சொன்னால் நேரத்தை மாற்றித் தரலாம். சலம் கூடுதலாகப் போகச்செய்யும் குளிசை எடுப்பவர் தண்ணீரும் குடியாமல் வெயிலில் பிரதட்டை செய்தால் அமுக்கம் விழுந்து மயங்கவும் கூடும்.

வெளிநாட்டுப் பார்சல்களையும் சொல்ல வேண்டும். கனடாவில் இருந்து மகன் அனுப்பிய பெட்டியில் ஒரு பெயர், கிளினிக்கில் தந்த உறையில் வேறு பெயர். உள்ளே இருப்பது ஒரே மருந்து. இரண்டையும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

பார்சலில் வரும் மெசின் நல்ல விஷயம்தான், மணிக்கட்டில் கட்டுவதைவிட மேற்கையில் கட்டுவதாக இருந்தால். அளப்பதற்கு அரை மணித்தியாலம் முன்பிருந்து தேத்தண்ணியும் சிகரெட்டும் வேண்டாம். சலம் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். காலையும் மாலையும் இரண்டு தரம், ஒரு கிழமைக்கு எழுதினால் போதும். கிளினிக்கில் 140/90 கூடுதல் என்றால் வீட்டில் 135/85 கூடுதல். ஒரு நாளில் பத்துத் தரம் அளந்து பதறுகிறவருக்கு மெசினை ஒளித்து வைப்பதே வைத்தியம்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. எங்கள் வீடுகளில் கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், மிக்சர், பாண் ஆகியவற்றிலேயே அதில் பெரும்பங்கு முடிந்துவிடும். இந்துப்பும் உப்புத்தான். முழங்கால் நோவுக்குப் பாமசியில் வாங்கும் டைக்லோபினாக் அமுக்கத்தைக் கூட்டி சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். இருமலுக்கென்று நாட்கணக்கில் குடிக்கும் அதிமதுரமும் அமுக்கத்தைக் கூட்டும்.

வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ அது பாரிசவாதமாக இருக்கலாம்; பிறசர் குளிசை எதையும் வாயில் போடாதீர்கள், தண்ணீரும் பருக்காதீர்கள். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போகலாம். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொருத்தமானவர்களுக்கு நாலரை மணித்தியாலத்துக்குள் போடப்பட வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் உங்களிடம் முதலில் கேட்கப்படுவது, அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நல்லாக இருந்தார் என்பது. அந்த நேரத்தை ஒரு துண்டில் எழுதி, கிளினிக் கொப்பியோடு கொண்டு வாருங்கள்.