முதிய முகமும் இளமைக் கால்களும்: ஓர் அரச உருவப்படத்தின் முன் நிற்பது எப்படி?

ஓவிய வரலாற்று வகுப்பில் இந்தப் படத்தைக் காட்டுவதற்கு முன், சுவரில் 277 செ.மீ. உயரமும் 194 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு கட்டத்தைச் சுண்ணக்கட்டியால் வரையுமாறு மாணவர்களிடம் சொல்வது என் வழக்கம். பிரெஞ்சு ஓவியர் இயாசிந்த் ரிகோ 1701-இல் தீட்டிய, இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் உருவப்படத்தின் அளவு அது. கைப்பேசித் திரையில் உள்ளங்கையளவாக மட்டுமே அதைக் கண்டவர்கள், ஒன்பது அடிக்கும் மேலான அந்தக் கட்டத்தை அண்ணாந்து பார்க்கும்போதுதான், அந்தப் படம் தங்களை எங்கே நிறுத்துகிறது என்பதை உணர்கிறார்கள்.

பிறகு, முகத்தைப் பார்க்காமல் பொருள்களை மட்டும் எழுதச் சொல்கிறேன். நீல வெல்வெட் மேலங்கியில் பொன்னிற லில்லி மலர்கள். அதன் உட்புறம் எர்மின் என்னும் சிறு விலங்கின் குளிர்கால வெண்ரோமம். வெண்மையின் நடுவே தெரியும் கரும்புள்ளிகள் அந்த விலங்குகளின் வால் நுனிகள் என்பதால், ஒவ்வொரு புள்ளியும் ஓர் உயிர் என்று நான் நினைவூட்டுவதுண்டு. இடுப்பில், இடைக்காலப் பேரரசர் ஷார்லமேனின் வாள் என்று மரபு போற்றிய ழுவாயோஸ் என்னும் வாள். பக்கத்து மெத்தையில் மணிமுடி. தூணின் அடிப்பீடத்தில் நீதித் தேவதையின் புடைப்புருவம்.

செங்கோலை எல்லோரும் குறித்துக்கொள்கிறார்கள். ஆனால் அது தலைகீழாக இருப்பதைக் கவனிப்பவர்கள் மிகச் சிலரே. செங்கோல் என்ற சொல்லுக்கே வளையாத நேரான கோல் என்பது பொருளாக இருக்க, நம் மனம் அதை நிமிர்ந்த கோலாகவே கண்டுவிடுகிறது. லூயியோ அதன் முனையைக் கீழே ஊன்றி, உலாவப் புறப்பட்டவர் கைத்தடியைப் பிடிப்பதுபோல் பிடித்திருக்கிறார். உயர்த்திக் காட்டினால் அது அதிகாரத்தைக் கோருவதாகிவிடும். இப்படி அலட்சியமாக ஊன்றினால், அதிகாரம் ஏற்கெனவே அவருடையது, அதை யாருக்கும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்றாகிறது. இந்தப் படத்தின் மிக நுட்பமான வாதம் இதுவே என்பது என் கருத்து.

இதற்குப் பின்னரே முகத்துக்கு வருகிறோம். 1638-இல் பிறந்த லூயி, படம் தீட்டப்பட்ட ஆண்டில் 63 வயதை எட்டினார். தளர்ந்த கன்னங்களையும், பற்களை இழந்து உள்ளொடுங்கிய வாயையும் ரிகோ மறைக்கவில்லை. ஆனால் மேலங்கி விலகித் தெரியும் கால்கள், வெண்பட்டுக் காலுறையும் சிவப்புக் குதிகால் வைத்த காலணியும் அணிந்து, நடனக் கலைஞரின் நிலையில் நிற்கின்றன. 1653-இல், 14 வயதில், அரசவை நடனமொன்றில் சூரியனாகத் தோன்றி ஆடியவரின் கால்கள் அவை. கீல்வாதத்தால் துன்புற்ற முதியவரின் கால்களாக அவற்றை எண்ணவே முடியாது. முகம் இறக்கப்போகும் மனிதருடையதாகவும் உடல் மூப்பறியாத அரச பதவியினுடையதாகவும் ஒரே ஓவியத்துணியில் தையல் தெரியாமல் இணைந்திருப்பதால்தான், இதைப் புகழ்ச்சி என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட மாணவர்களை நான் அனுமதிப்பதில்லை.

படத்தில் இல்லாதவற்றையும் எழுத வேண்டும். 1693-94 பஞ்சத்தில் பிரான்சில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். 1701-இல் ஸ்பானிய வாரிசுரிமைப் போர் தொடங்கியது. அந்தக் கனத்த சிவப்புத் திரைக்குப் பின்னால் இவற்றின் நிழல்கூட இல்லை. பரோக் என்னும் அந்தக் கால ஆடம்பரப் பாணி ஓவியர்களின் திறமையை நான் மனமார மதிப்பவன். அந்த மதிப்பே, பட்டின் மினுமினுப்பில் கண் தங்கிவிடாமல் இந்தக் கேள்வியையும் கேட்கச் செய்கிறது.

கடைசியாக, மன்னரின் பார்வைக்கு நேரே, சுண்ணக்கோட்டின் முன் ஒரு மாணவரை நிற்க வைத்து, அது முதலில் யாருக்காக ஒதுக்கப்பட்ட இடம் என்று சொல்கிறேன். லூயியின் பேரன் ஐந்தாம் ஃபிலிப் 1700-இல் ஸ்பெயினின் அரசரானார். இந்தப் படம் அவருக்குப் பரிசாக அனுப்புவதற்காகவே வரையப்பட்டது. படம் வரையப்பட்ட காலத்தில் அவருக்கு வயது 17, ஏறக்குறைய என் மாணவர்களின் வயது. ஆனால் படம் முடிந்ததும் பிரெஞ்சு அரசவைக்கு அது அவ்வளவு பிடித்துப்போனதால், மூலப்படம் ஸ்பெயினுக்குச் செல்லவே இல்லை.