பழைய ஜீப்பைப் பழுதுபார்க்கலாம், மாற்றி அமைக்கலாமா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு

மஹிந்திரா எம்.எம்.540, மேஜர், மாருதி ஜிப்சி போன்ற ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் ஷோரூமிலிருந்து மறைந்து பல ஆண்டுகள் ஆகியும் மலைத்தோட்டங்களிலும் கரடுமுரடான மண்பாதைகளிலும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அத்தகைய வண்டி ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கிச் சீர்செய்ய நினைப்பவர்கள், உயரம் கூட்டிய ஸ்பிரிங், அகன்ற டயர், முன்பக்க இரும்புக் கம்பி, கூரையில் விளக்கு வரிசை, முடிந்தால் வேறொரு கம்பெனியின் இன்ஜின் என்று ஒரு பட்டியலோடுதான் பட்டறைக்குப் போகிறார்கள். அந்தப் பட்டியலில் பெரும்பகுதி சட்டத்துக்குப் புறம்பானது என்பது, பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தும்போதுதான் பலருக்குத் தெரிகிறது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் வேறுபடும்படியாக எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்று அது கூறுகிறது. மாற்றம் என்றால் என்ன என்பதையும் அந்தப் பிரிவே விளக்குகிறது: வண்டியின் கட்டமைப்பில் செய்யப்பட்டு, அதன் அடிப்படைத் தன்மையை வேறாக்குவதே மாற்றம். ஆகவே தேய்ந்த பாகத்தைக் கழற்றிவிட்டு அதே வகைப் பாகத்தைப் பொருத்துவது பழுதுபார்ப்பே. அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பிரேக் டிரம்மும் வீல் சிலிண்டரும், கிளட்ச் தட்டு, கிங் பின், ரேடியேட்டர், முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பேரிங்குகளும் ஆயில் சீல்களும், புராப்பெல்லர் ஷாஃப்டின் ஜாயின்ட், உடைந்த பட்டை ஸ்பிரிங், இன்ஜினைப் பிரித்துச் செய்யும் போரிங் வேலை ஆகிய அனைத்தும் இந்த வகையில் அடங்கும். மலைப்பாதையில் பழைய வண்டிகள் நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் கொதிக்கும் ரேடியேட்டரும் பிடிக்காத பிரேக்கும்தானே தவிர, கூரையில் விளக்கு இல்லாமை அன்று. எனவே சட்டம் தடையின்றி விட்டிருக்கும் இந்த வேலைகளிலேயே முதல் செலவைச் செய்வது எல்லா வகையிலும் சரி என்பது என் கருத்து.

பட்டறைக்குப் போகும் முன் பதிவுச் சான்றிதழான ஆர்.சி.யை ஒருமுறை வரிவரியாகப் படிக்க வேண்டும். சேசிஸ் எண், இன்ஜின் எண், தயாரிப்பு நிறுவனம், மாடல், பாடியின் வகை, எரிபொருள், இருக்கைகளின் எண்ணிக்கை, இன்ஜினின் கன அளவு, வெற்று எடை, நிறம் ஆகியவை அதில் பதிவாகியிருக்கும். நீங்கள் செய்ய எண்ணும் வேலை இவற்றுள் எதையேனும் தொடுகிறதா என்பதே முதல் கேள்வி.

நிறம் மாற்றுவது எளிது; பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துச் சான்றிதழில் திருத்தம் பெற்றால் போதும். ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதிப்படி, ராணுவப் பச்சை என்று மக்கள் சொல்லும் ஆலிவ் பச்சை நிறத்தைப் பாதுகாப்புத் துறையின் வண்டிகளைத் தவிர வேறு வண்டிகளுக்கு அடிக்கக் கூடாது. ஜீப் என்றாலே அந்த நிறம்தான் என்று நினைப்பவர்கள் மிகப் பலர் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டியாக இருந்தாலும் விலக்கு இல்லை. வேறு நிறம் அடித்த பிறகே அதைப் பதிவுக்குக் கொண்டுவர வேண்டும். அத்தகைய வண்டிக்கு உரிய ராணுவ அலுவலகம் வழங்கிய அசல் விற்பனைச் சான்றிதழ் படிவம் 21-இல் இருப்பதும் கட்டாயம். அரியானாவின் தப்வாலி போன்ற ஊர்களில் பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய ஜீப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று கேள்விப்பட்டு முன்பணம் அனுப்புகிறவர்கள், அந்தச் சேசிஸுக்குரிய ஆவணம் எது என்று முதலில் கேட்பது நல்லது. ஆவணமில்லாத வண்டி, எவ்வளவு அழகாக இருந்தாலும், இரும்பு விலைக்குரியதே.

இன்ஜின் மாற்றுவதில்தான் குழப்பம் அதிகம். பழுதுபார்க்க முடியாத இன்ஜினுக்குப் பதிலாக அதே நிறுவனத்தின் அதே வகை இன்ஜினைப் பொருத்த, பதிவு அதிகாரியின் முன் அனுமதியோடு வழியுண்டு. வாங்கிய இன்ஜினுக்குரிய ரசீதும், அது திருட்டு வண்டியினுடையது அன்று என்பதற்கான ஆதாரமும் கையில் இருக்க வேண்டும். மஹிந்திரா ஜீப்பில் டொயோட்டா இன்ஜினை ஏற்றுவதோ, டீசல் வண்டியைப் பெட்ரோல் வண்டியாக்குவதோ அந்த வழிக்குள் வராது. எரிபொருளை மாற்ற விரும்பினால் சி.என்.ஜி., எல்.பி.ஜி., மின்கலம் ஆகியவற்றுக்கு, அங்கீகாரம் பெற்ற கிட்டை (மாற்றுக் கருவித் தொகுப்பை) அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பொருத்திக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. அனுமதிக்குரிய மாற்றத்தைச் செய்தவர், 14 நாள்களுக்குள் தாம் வசிக்கும் எல்லைக்குரிய பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, ஆர்.சி.யைக் கட்டணத்துடன் அளித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வண்டி கடனில் இருந்தால் நிதி நிறுவனத்தின் எழுத்துமூலமான சம்மதமும் முன்னதாகத் தேவை.

இவ்வளவு கண்டிப்பு எப்போதிலிருந்து என்று கேட்பவர்களுக்கு இரண்டு தேதிகளைச் சொல்லலாம். கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து விலகும் மாற்றத்தை மாநில விதிகளைக் காட்டி நியாயப்படுத்த முடியாது என்று தெளிவாக்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் 182ஏ பிரிவைப் புதிதாக மாற்றி எழுதியது. அதன் நான்காவது உட்பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றத்தைச் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வண்டிக்கு இவ்வளவு என்று இல்லாமல் மாற்றத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடுவதால், நான்கு மாற்றம் செய்த வண்டிக்கு அபராதமே 20,000 ரூபாய் ஆகிவிடும்.

துணைக்கருவிகளுக்கு வருவோம். முன்பக்க இரும்புக் கம்பிகள் 52-ஆம் பிரிவை மீறுபவை என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியது. நடந்து செல்பவர் மீது மோதினால் காயத்தை அவை கடுமையாக்கும் என்பதே காரணம். 111-ஆம் விதி, பதிவு அதிகாரியின் முன் ஒப்புதல் பெற்ற விதிவிலக்கான நிலையைத் தவிர, முன்பக்கத்தில் ஸ்பாட் லைட்டோ தேடுவிளக்கோ வைப்பதைத் தடுக்கிறது. கூரை விளக்கு வரிசை இந்த விதியில்தான் சிக்கிக்கொள்ளும். சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டுவதற்கு 120-ஆம் விதி இடம் தரவில்லை. டயரைப் பொறுத்தவரை, அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுகளுக்குள் நின்று, சேற்றில் பிடிக்கும் ஆழமான பட்டன் கொண்ட டயரைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு; மட்கார்டை வெட்டினால்தான் பொருந்தும் டயர், வாங்கும்போதே சிக்கலையும் கூட வாங்கித் தரும். ஸ்பிரிங்கையும் அதைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளையும் மாற்றி வண்டியை உயர்த்துவதும் இதைப் போன்றதே. முன் சக்கரங்களை அச்சோடு இணைக்கவும் பிரிக்கவும் கைப்பிடியால் திருப்பும் லாக்கிங் ஹப், அடிப்பகுதியைக் காக்கும் தகடு, இழுவைக்கான வலுவான பின் கொக்கி ஆகியவை ஆர்.சி.யின் விவரம் எதையும் தொடுவதில்லை என்பதால், இவற்றோடு நிறுத்திக்கொண்டவர்கள் பெரும்பாலும் சிக்கலுக்கு ஆளாவதில்லை.

இனி வயது. சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். பதிவு முடிவதற்கு முந்தைய 60 நாள்களுக்குள் படிவம் 25-இல் விண்ணப்பித்து, வண்டியைச் சோதனைக்குக் காட்ட வேண்டும். நான்கு சக்கர இலகுரக வண்டிக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 20 ஆண்டுகளைக் கடந்த வண்டிக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதலாகச் சேரும். தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. புகைச் சோதனையில், பாரத் நிலை நான்கு என்ற மாசுக் கட்டுப்பாட்டுத் தரத்துக்கு முந்தைய டீசல் வண்டியின் புகை அடர்த்தி 65 ஹார்ட்ரிட்ஜ் அலகுக்குள் இருக்க வேண்டும். இன்ஜெக்டரையும் பம்ப்பையும் சரிபார்த்துவிட்டுப் போனால் பழைய மஹிந்திரா ஜீப்புகளில் வந்த பூஜோ இன்ஜினும் இந்த எல்லைக்குள் நிற்கக்கூடியதே.

அரசுத் துறைகளின் ஏலத்தில் ஜீப் எடுப்பது முன்பு வழக்கமான வழியாக இருந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள, மத்திய மோட்டார் வாகன விதிகளின் 52ஏ விதியின்படி, 15 ஆண்டுகள் நிறைந்த அரசு வண்டிகளின் பதிவு காலாவதியாகும். அவை பதிவுபெற்ற உடைப்பு நிலையங்களுக்கே போக வேண்டும். எனவே ‘துறை வண்டி, ஏலத்தில் எடுத்தது’ என்று சொல்லி விற்பவரிடம் பதிவு எப்போது, யார் பெயரில் மாறியது என்று கேட்டே தீர வேண்டும்.

50 ஆண்டுகளைக் கடந்த ஜீப் வைத்திருப்பவர்களுக்கு 2021 ஜூலையில் வந்த பழம்பெரும் வண்டிகளுக்கான விதிகள் தனிப் பதிவு ஒன்றைத் தருகின்றன. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அது பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கே அது கிடைக்கும். கிடைத்த பின்னும் கண்காட்சி, பழைய வண்டிகளின் அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். மலையேற விரும்புவோருக்கு இது பயன்படாது.

எங்கள் சொந்தத் தோட்டத்துக்குள்தானே ஓட்டுகிறோம், அதற்கும் பதிவு வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. பொது இடத்தில் மட்டுமன்றி ‘வேறு எந்த இடத்திலும்’ பதிவில்லாத வண்டியை ஓட்டக் கூடாது என்பதே 39-ஆம் பிரிவின் சொற்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வெள்ளை நம்பர் பிளேட் ஜீப்பில் சுற்றுலாப் பயணிகளைக் கட்டணத்துக்கு ஏற்றிச் செல்வதும் பெர்மிட் விதிகளை மீறுவதாகும்; முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க 192ஏ பிரிவு இடமளிக்கிறது.

வண்டி விதிப்படி இருந்தாலும் பாதை யாருடையது என்பது தனிக் கேள்வி. மேகமலையிலும் வால்பாறையிலும் தார்ச்சாலை பொதுவானது. அதிலிருந்து காட்டுக்குள் பிரியும் தடம் அப்படிப்பட்டதன்று. காப்புக் காட்டில் அத்துமீறி நுழைவதை 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் தடுக்கிறது. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தடத்தின் இரு முனைகளும் எந்த வனச்சரகத்தில் விழுகின்றன என்று பார்த்து, அந்தச் சரக அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கேட்ட பிறகே புறப்பட வேண்டும்.

காப்பீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அனுமதி பெற்றுச் செய்த மாற்றமானாலும், கூடுதலாகப் பொருத்திய கருவியானாலும், அதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்துப் பாலிசியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டி, உங்கள் வண்டிக்கு நேர்ந்த சேதத்துக்கான இழப்பீட்டை நிறுவனம் குறைக்கவோ மறுக்கவோ முற்படலாம். பழைய வண்டி என்பதால் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்திருப்பவர்களுக்கு, பள்ளத்தில் கவிழ்ந்த தம் வண்டிக்காக எந்தத் தொகையும் கிடைக்காது.